கரிசல்பேட்டையில் மை காயாத வருஷம்

கரிசல்பேட்டையில் மை காயாமல் போன வருஷத்தைப் பற்றி இன்றைக்கு யாரைக் கேட்டாலும் முதலில் தன் ஆள்காட்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள், அப்புறம்தான் வாயைத் திறப்பார்கள், திறந்தால் லேசில் மூடமாட்டார்கள். ஆளுக்கொரு கதை, ஆளுக்கொரு காரணம், எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்க நமக்கு ஆயுசு பத்தாது. அதனால் நாம் பேசாமல் சண்முகக்கனியோடு நின்றுகொள்வோம். ஊரிலேயே அதிக நாள் ஈரமாக இருந்தது அவள் விரல்தான், அதற்கெல்லாம் ஆரம்பமும் அவள் கடைதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கனி ஸ்டோர்ஸ் என்று நோட்டு, பேப்பர், ஜெராக்ஸ், ரீசார்ஜ் எல்லாம் சேர்ந்த கடை. அவளுக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் லாரியோடு போனால் பதினைந்து நாளைக்கு ஒருதரம் தலையைக் காட்டுவார். கனிக்குக் கை சும்மா இருக்காது, வாயும் அப்படித்தான். பால்பாயிண்ட் வந்து மை பேனாவை ஊரைவிட்டே துரத்தி எத்தனையோ வருஷம் ஆனபிறகு, கம்ப்யூட்டரைத் தட்டியே சம்பளம் வாங்குகிற பெங்களூர்ப் பிள்ளைகளுக்குத் திடுதிப்பென்று மை பேனா மேல் கிறுக்குப் பிடித்து, செல்போனில் குரூப் ஆரம்பித்து, எனக்குக் கருப்பில் வேண்டும், எனக்குப் பாசிப்பச்சையில் வேண்டும், கழுத்து நீளமாக வேண்டும் என்று நாடெல்லாம் தேட ஆரம்பித்த நேரம் அது. பக்கத்துக் கடையில் லேத்து வைத்து பம்புசெட்டுக்குப் புஷ் கடைந்துகொண்டிருந்த அழகர்ராஜ் வேலையில்லாத ஒரு மத்தியானம் எபோனைட் என்கிற கெட்டி ரப்பர்க் கம்பியைக் கடைந்து பேனா உடம்பாக்கிக் காட்ட, கனி அதற்கு நிப்பு மாட்டிப் போட்டோ பிடித்து அந்தக் குரூப்பில் போட்டுவிட, ஒரே வாரத்தில் நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. இப்போது வருகிற நிப்பெல்லாம் ஆணி மாதிரி விறைப்பாக இருக்கிறது, அழுத்தினால் விரிந்து விட்டால் சேர்கிற பழைய நிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அழகர்ராஜ் சாத்தூருக்குப் போய், ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நிப்பு வெட்டிய தெருக்களில் நாலு நாள் அலைந்து, பூட்டிக் கிடந்த ஒரு பட்டறையின் பரணிலிருந்து பிஸ்கட் டின் நிறைய நிப்பு கொண்டுவந்தான். எண்ணெய்த் தாளில் சுற்றி, ஒரு பொட்டுத் துரு இல்லாமல், அத்தனையும் புத்தம்புதிசு. கனி ஒவ்வொன்றாக எடுத்து, நடுப் பிளவை மெல்லிய பித்தளைத் தகட்டால் நீவி, அடியில் மை இறங்குகிற நாக்கைச் சுடுதண்ணீரில் காட்டி நிப்போடு ஒட்ட உட்காரவைத்து, மை நிரப்பித் தன் பெயரை ஒருதரம் எழுதிப் பார்ப்பாள். தனக்கென்று அவள் எழுதியது அவள் கண் பட்டதும் காய்ந்துவிடும். அதனால் கடையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தெரிந்தது பள்ளிக்கூடத்தில். ஹெட்மாஸ்டர் குருபாதம் சார், பிள்ளைகள் கையெழுத்து கோழி கிண்டினது போல இருக்கிறது என்று பத்தாம் வகுப்புக்கெல்லாம் கனியிடம் பேனா வாங்கிக் கொடுத்திருந்தார். காலாண்டுப் பரீட்சைத் தாள் மார்க்கோடு திரும்பி வந்தது. கணக்குத் தாள் காய்ந்து மொடமொடவென்று இருக்க, வரலாறு புவியியல் தாளெல்லாம் முதல் பக்கம் காய்ந்து மற்ற பக்கம் அத்தனையும் ஈரமாக, கையெழுத்துப் போட வாங்கிய அம்மாமார் மடியெல்லாம் நீலமாக ஒட்டிக்கொண்டது. ஊருக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த நிப்பால் எழுதியதை, யாருக்கென்று எழுதினோமோ அந்த ஆள் படிக்கிறவரைக்கும் அது காயாது. அவ்வளவுதான் விஷயம். வரலாற்று வாத்தியார் ஒரு வாரம் மெடிக்கல் லீவு போட்டார், திரும்பி வந்து ஒரு வரி விடாமல் படித்தார், படிக்கும்போது அழுதார் என்றும் சொல்கிறார்கள்.

அடுத்தது தாலுகா ஆபீஸ். பட்டா மாற்றம், முதியோர் பென்சன், வண்டிப்பாதை என்று ஜனங்கள் கனி பேனாவால் மனு எழுதிக் கொடுக்க, மூன்றே வாரத்தில் அந்த ஆபீஸ் மேஜையிலிருந்து மை வழிந்து படி இறங்கி வாசல் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டது. பால்பாயிண்டில் எழுதிய மனுதான் செல்லும் என்று தாசில்தார் ஒரு போர்டு மாட்டினார். ஜனங்கள் அந்தப் போர்டையும் கனி பேனாவாலேயே எழுதச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றார்கள். கடைசியில் அவரே இறங்கி வந்து, புதன்கிழமை காலையில் மனு படிப்பது என்று வழக்கமாக்கினார். மரத்தடியில் கொடி கட்டி மனுக்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் படித்து நகர நகர அவருக்குப் பின்னால் ஒவ்வொன்றாய்க் காயும். வேலை நடந்ததா என்றால் எல்லாம் நடக்கவில்லை, ஆனால் படித்தார்.

இதில் விரல் விஷயம் தனி. மை பேனா பிடித்தால் விரலில் கொஞ்சம் படாமல் போகாது. அப்படிப் பட்ட மையும் எழுத்தோடு சேர்ந்து ஈரமாகவே நிற்கும், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் திரும்ப ஊறும், எங்கேயோ உட்கார்ந்து அந்த ஆள் கடிதத்தைப் படிக்கிற நிமிஷம் இங்கே விரல் காய்ந்துபோகும். இது தெரிந்தபிறகு ஊருக்குக் கடிதப் பைத்தியம் பிடித்துவிட்டது. துபாய்க்குப் போன புருஷனுக்கு, பேசாமல் போன சிநேகிதனுக்கு, சம்பந்தம் பேசிவிட்டுப் பதில் சொல்லாத மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று எழுதித் தள்ளினார்கள். ஈரக் கடிதத்தை அனுப்புவது எப்படி என்று தபால்காரி மாடத்தி தலையைப் பிய்த்துக்கொண்டு நிற்க, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்கள்தான் வழி சொன்னார்கள். தாளின் நாலு ஓரத்திலும் தீக்குச்சி ஒட்டி மேலே ஒரு அட்டையை வைத்துக் கட்டினால் ஒன்றோடொன்று படாது. இட்லிக் கடையில் வலது கை ஈரமானவர்களுக்குக் கேட்காமலே ஸ்பூன் வைத்தார்கள். டெய்லர் கடையில் வெட்டுத் துணியில் விரலுக்கு உறை தைத்துக் கொடுத்தார்கள், கல்யாணத்துக்குப் போகப் பட்டில்கூட. சாப்பிட்டாச்சா என்று கேட்கிற ஊர், விரல் காய்ஞ்சிருச்சா என்று கேட்க ஆரம்பித்தது. ஏன் இப்படி என்று மட்டும் யாரும் ரொம்ப நாள் கேட்கவில்லை. எண்ணெய்த் தாள் என்றார்கள், சாத்தூர்த் தண்ணீர் என்றார்கள், அதற்குள் ஒருத்தருக்கு விரல் காய்ந்துவிடும், எல்லாரும் அங்கே ஓடிவிடுவார்கள்.

சண்முகக்கனி மட்டும் ஆறு மாசம் யாருக்கும் எழுதவில்லை. எழுத ஆள் இல்லாமல் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பாக்கியக்கனி, கூடப்பிறந்த ஒரே தங்கை, அஞ்சு வருஷமாக அவளோடு பேசுவதில்லை. போன் போட்டால் எடுக்கமாட்டாள், நல்லது கெட்டதுக்கு வந்தால் கனி இருக்கிற பந்திக்கு அடுத்த பந்தியில் உட்காருவாள். அப்பா ஞானமுத்து மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உடனே ஆபரேஷன் பண்ண வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டர் நிற்க, சின்னவ வரட்டும், சின்னவளைக் கேட்டுக்கிடுவோம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்க, கனி கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த சேதி கேட்டுப் பாக்கியம் திருப்பூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேர்ந்தது அப்பாவை உள்ளே கொண்டுபோன ஒரு மணி நேரம் கழித்து. அவர் கண் திறக்கவே இல்லை.

தங்கை மன்னிக்க வேண்டும் என்றுகூடக் கனி ஆசைப்படவில்லை. தன் பக்கத்தை அவள் ஒருதரம் காதுகொடுத்துக் கேட்டால் போதும் என்றிருந்தது. கேட்கத்தான் மாட்டேன் என்கிறாள், படிக்கவாவது மாட்டாளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை அரைக் கதவு சாத்திவிட்டு, இருக்கிற நிப்பிலேயே வளைந்து கொடுக்கிற நிப்பாகப் பார்த்து எடுத்து, மூன்று பக்கம் எழுதினாள். ஆஸ்பத்திரியில் நடந்தது, டாக்டர் அவசரப்படுத்தியது, உனக்கு மூன்று தடவை போன் போட்டேன் நீ எடுக்கவில்லை என்பது, அப்பா கையைப் பிடித்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரோடு நடந்தது, அஞ்சு வருஷமாக ஒரு நாள் விடாமல் நினைப்பது. நான்கு ஓரமும் தீக்குச்சி ஒட்டி மாடத்தி கையில் கொடுத்தாள். விரலில் ஒரு புளியங்கொட்டை அகலத்துக்கு நீலம் நின்றது.

ஒரு மாசம் போயிற்று, ரெண்டு மாசம் போயிற்று. கடிதம் போய்ச் சேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்கியாயிற்று, பாக்கியமேதான் வாங்கினாள் என்று மாடத்தி சத்தியம் பண்ணினாள். விரல் காயவில்லை. தீபாவளிக்குக் காயவில்லை, பொங்கலுக்குக் காயவில்லை. கனி ஸ்பூனில் சோறு தின்றாள், இடது கையால் திருநீறு வாங்கினாள், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களின் ஆதார் கார்டில் எல்லாம் நீலக் கறை வைத்துத் திட்டு வாங்கினாள். ஊரே அவள் விரலைத் தன் விரலாக எடுத்துக்கொண்டது. சந்தைக்கு வருகிறவர்கள் கடை வாசலில் சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனார்கள், பங்குனிப் பொங்கலில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள்கூட உண்டு. அழகர்ராஜ் ஒரு நாள் மனசு பொறுக்காமல், யக்கா, வேணும்னா நான் திருப்பூருக்குப் போயி வாசிச்சுக் காட்டிட்டு வரட்டுமா என்று கேட்டான். வேறு யார் வாசித்துக் காட்டினாலும் செல்லாது என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் கேட்டான், நல்ல பிள்ளை.

பதினோரு மாசம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பஸ் பாஸ் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது விரல் ஓரம் சுருக்கென்று இழுத்தது. கனி குனிந்து பார்த்தாள். ஈரம் ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக, ஒருத்தி வரிவரியாய்ப் படிக்கிற வேகத்தில், நடுவில் நின்று நின்று. கனி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, பயமாக இருந்தது, சிரிக்கவும் தோன்றியது. சேதி பரவிக் கடை முன்னால் கூட்டம் கூடி, பஸ்ஸிலிருந்து டிரைவர்கூட இறங்கி வந்து பார்த்தார். ஈரம் சுருங்கிச் சுருங்கி, கடுகளவு ஆகி, அங்கே நின்றது. அதற்கு மேல் காயவில்லை.

இந்த மாதிரி ஊர் பார்த்ததில்லை. படித்தால் காயும், படிக்காவிட்டால் காயாது, இதென்ன கடுகு? ஒரு வரியை விட்டுவிட்டாள் என்றார்கள். எந்த வரி என்று ஊரே உட்கார்ந்து யோசித்தது. கனிக்கு அந்த மூன்று பக்கமும் மனப்பாடம், வீட்டிலும் கடையிலும் வரிவரியாகச் சொல்லிப் பார்ப்பாள். கடைசி வரி, ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று எழுதியிருந்தாளே, அதுவாக இருக்குமோ? படிக்கப் பிடிக்காமல் மடித்துவிட்டாளோ? அப்பா கையைப் பிடித்த வரியோ? அதைப் படிக்கத் தாங்காமல் தாண்டிவிட்டாளோ? பதினாறு நாள் இதே நினைப்பு. மாடத்தி மட்டும், எல்லாத்தையும் படிச்சவ ஒரு வரிய மட்டும் எதுக்கு விடப்போறா என்று சொல்லிவிட்டுப் போனாள், அதைக் கனி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினாறாம் நாள் குருபாதம் சார் ரிட்டயர்டு ஆனார். பள்ளிக்கூடத்தில் மாலை, டீ, சேவு, வாழ்த்து மடல். மடலை உதவித் தலைமையாசிரியர் தன் கைப்பட, கனி பேனாவால், பெரிய அட்டையில் எழுதி எல்லார் முன்னாலும் கொடுத்தார். குருபாதம் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாய்ப் படித்தார், கண்டிப்பு, நேரம் தவறாமை, தோட்டம் போட்டது என்று ஒவ்வொரு வரியாகக் காய்ந்துகொண்டு வந்தது. தங்களைப் பிரிய மனமின்றித் தவிக்கிறோம் என்ற வரி மட்டும் காயவில்லை. அவர் மறுபடி படித்தார், விரல் வைத்துச் சத்தமாகவும் படித்தார். அது பாட்டுக்கு ஈரமாக மினுங்கியது. அந்த நாற்காலி எப்போது காலியாகும் என்று எட்டு வருஷமாகக் காத்திருந்த உதவித் தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். குருபாதம் சார் தங்கமான மனுஷன், கோபப்படாமல் சிரித்துவிட்டு, இது எனக்கு எழுதுன வரி இல்ல, சபைக்கு எழுதுன வரி, அதான் நான் படிச்சா காய மாட்டேங்குது என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது.

கனி சிரிக்கவில்லை. கையிலிருந்த டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு மூன்று தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. அந்த வரியை அவள் பாக்கியத்துக்கு எழுதவில்லை. சாவு வீட்டில் கூடியிருந்த சித்தப்பா, பெரியம்மா, ஊர்க்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிச் சொல்லி, அஞ்சு வருஷமாகச் சொன்னதில் அவளுக்கே நிஜம் மாதிரி ஆகிப்போயிருந்த வரி அது. போன் அவள் கையில்தான் இருந்தது. அவள் போடவில்லை.

மறுநாள் விடிந்ததும் திருப்பூர் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றிருந்தது. பாக்கியம் கதவைத் திறந்தாள், முகத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், வா என்று மட்டும் சொன்னாள். அக்கா என்று சொல்லவில்லை. உள்ளே சாப்பாட்டு மேஜை மேல் ஒரு எவர்சில்வர் தட்டில் அந்த மூன்று தாளும் பரப்பி வைத்திருந்தது. பிரிக்கவே கூடாது என்று பீரோவில் போட்டு வைத்திருந்தாளாம், தீக்குச்சி எல்லாம் நெளிந்து மை இறங்கி மூன்று சேலை பாழாகி, மூன்றாவது சேலையில் வந்த கோபத்தில்தான் பிரித்தாளாம். இதை அவள் சண்டை போடுகிற குரலில்தான் சொன்னாள்.

"பிரிச்சதுலருந்து தெனமும் படிக்கேன்" என்றாள் பாக்கியம். "காலையில ஒருதரம், கம்பெனி விட்டு வந்து ஒருதரம். எல்லாம் காஞ்சிருச்சு. இந்த ஒரு வரி மட்டும் காயமாட்டேங்கு. நம்பித்தான் பாப்பமேன்னு நம்பிக்கூடப் படிச்சேன்."

"நான் போன் போடல பாக்கியம்."

"தெரியும். பஸ்ஸுல வந்த அஞ்சு மணி நேரமும் போனு என் கையிலதான் இருந்துச்சு, சார்ஜ் போயிருமேன்னு வேற யாருக்கும் நான் பேசக்கூட இல்ல. நீ கையெழுத்துப் போட்டதுக்கா நான் பேசாம இருந்தேன்? டாக்டர் சொன்னா யாரா இருந்தாலும் போடத்தான் செய்வாக. போன் போட்டேன் எடுக்கலைன்னு எழவு வீட்டுல வச்சு அத்தன பேருகிட்டயும் சொன்னியே. பெத்த அப்பன் போகும்போது போன் எடுக்காதவன்னு இன்னைக்கும் என்னையச் சொல்லுதாக."

அப்படி ஒன்று நடந்திருக்கும் என்று அஞ்சு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கனி யோசித்ததில்லை, தன் கையெழுத்தையே நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, தட்டை இழுத்து, அந்த வரியைக் குறுக்கே அடித்தாள். பாக்கியம் எதிர்ப்பக்கம் நின்று, தலைகீழாகத் தெரிகிற எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உனக்குப் போன் போடவில்லை என்று கனி எழுதினாள். எழுத்து விழ விழ, பாக்கியத்தின் கண் கூடவே வந்ததால், நிப்பு எடுப்பதற்குள் காய்ந்தது. அப்பா உன்னையே கேட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதினாள். அதுவும் காய்ந்தது. நான் பக்கத்தில் இருந்தது அவருக்குப் போதவில்லை, எனக்குப் பொறுக்கவில்லை என்று எழுதினாள். அது காயவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். பாக்கியம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

கனி பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கீழே தெருவில் பனியன் மூட்டை ஏற்றுகிற வண்டி ஒன்று வந்து நின்று, ஏற்றி முடித்து, கிளம்பிப் போயிற்று. அதன்பிறகு பாக்கியம் திரும்பி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியைப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள், வரியும் காய்ந்தது, கனி விரலில் நின்ற கடுகும் காய்ந்தது.

"அவரு இங்க வந்து எங்கூட இருந்தாரே மூணு மாசம்" என்றாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "சோத்தப் போட்டு வச்சா, பெரியவ சாப்பிட்டிருப்பாளாம்பாரு. படுக்கப் போகும்போது, பெரியவ கடைய அடைச்சிருப்பாளாம்பாரு. பக்கத்துல இருக்கவ கண்ணுக்கே தெரியமாட்டா அந்த மனுசனுக்கு. எனக்கும் பொறுக்கத்தான் இல்லக்கா. அவரு ஒன்னையக் கேட்டாருன்னு நான் ஒரு தடவையாச்சும் ஒங்கிட்டச் சொல்லியிருக்கனா?"

"இல்ல" என்றாள் கனி. "நீ சொன்னதே இல்ல."